நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு டோக்கன்

உங்கள் பேட்சில் எட்டுப் பேர், எல்லோரும் திருப்பூருக்கும் ஆம்பூருக்கும் போகப் போகிறவர்கள் என்று சென்னை ஆபீஸிலிருந்து சொன்னார்கள். வீடியோவில் வந்து அரை மணி நேரம் பேசுங்கள் மேடம் என்றார்கள். எனக்கு அது சரிப்பட்டு வராது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, நடுவில் கோபம் வேறு வந்துவிடும். அதனால் எழுதி அனுப்புகிறேன். என் தமிழ் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ். அம்மா கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்ததில் பாதியும், காளிகாட் சந்தில் பக்கத்து வீட்டு வங்காளத்தில் பாதியும் கலந்தது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள்.

நம் வேலை என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? கம்பெனிகள் தங்களிடம் வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகின்றன என்று அறிக்கை எழுதுகின்றன, அது நிஜமா என்று நாம் போய்ப் பார்க்கிறோம். அவ்வளவுதான். இப்போது அந்த அறிக்கையெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளவென்று வருகிறது. தொண்ணூறுகளில் அது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கம். நான் அப்போது ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவில் அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மரம் நடுவது ஒரு படம், குளிர்காலத்தில் கம்பளி கொடுப்பது ஒரு படம். ஒரு வருஷம் கம்பளி வாங்கிய பெரியவர் யாருமே சிரித்த முகமாக இல்லை. போன வருஷப் படத்தையே திரும்பப் போட்டுவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்!

ஒருவர் பார்த்தார். அறிக்கை வெளிவந்த வாரமே எனக்குப் போன் செய்தார். "அம்மா, அந்தப் பெரியவருக்கு ரெண்டு வருஷமும் அதே கம்பளியா, இல்ல ரெண்டு கம்பளியா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். போனில் சத்தமாகச் சிரித்துவிட்டு, "பொய்யை இவ்வளவு சுலபமா ஒத்துக்கறவங்க எனக்கு வேணும், வேலைக்கு வர்றியா?" என்றார். தொழிற்சாலைகளைச் சரிபார்க்க காளிகாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் அவர் ஆபீஸ் ஆரம்பித்திருந்த நேரம் அது. நாங்கள் எல்லோரும் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுவோம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். எங்கள் தாதாவைப் பற்றி நான் போனில் சொல்லக் கேட்டு மயிலாப்பூரில் என் நாத்தனார் பயந்துபோனது தனிக்கதை. அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கே பிடிக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்குக் கிழக்கே ஒரு தோல் கையுறைத் தொழிற்சாலை. வெல்டிங் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்கிற கனமான கையுறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அங்கே வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்து வரச் சொல்லி எங்களை அனுப்பியது. தையல் ஹாலில் நாற்பத்திரண்டு பெண்கள். காலையில் நான் ஹாலுக்குள் நடந்துகொண்டிருந்தபோது பேனா ஒழுகிப் புடவையெல்லாம் மை. "அட கர்மமே, இன்னிக்குன்னு பாத்தா ஒழுகணும்!" என்று தமிழில் முணுமுணுத்தேன். பக்கத்து மெஷினில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வங்காளிப் பெண்ணுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் பேட்டிக்குப் பன்னிரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்து ஹாலில் படித்தேன். சாப்பிட்ட பிறகு தோல் கட்டுகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினேன். எல்லோரும் ஒரே பாட்டு. எல்லாம் நல்லா இருக்கு, மேனேஜர் நல்லவர், ஒரு குறையும் இல்லை. ஆறாவதாக வந்தவள் அந்தச் சிரித்த பெண். இவளைத் தனம் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அவளை நான் மாட்டிவிட்டது போதும்.

"அக்கா, நீங்க தமிழா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று வருஷமாக வங்காளத்திலும் இந்தியிலும் பேட்டி எடுத்து எடுத்து நாக்கு காய்ந்திருந்தது. "ஆமாம்டி! நீ எந்த ஊரு?"

"இங்கதான், சாந்த்ராகாச்சி. தாத்தா காலத்துல ஜோலார்பேட்டை. அப்பா ரயில்வே யார்டுல கலாசி. அவர் போனப்புறம் நான் இங்க சேந்தேன், ஆறு வருஷம் ஆச்சு. அம்மாவும் நானும்தான்."

"இங்க வேலையெல்லாம் எப்படி?"

"வேலை பரவால்லக்கா. பாத்ரூம்தான்." கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஹாலுக்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேசை பக்கத்துல ஆணியில தொங்கும். அதை எடுத்துக்கிட்டுத்தான் போகணும், ஒருத்தி வந்து மாட்டினாத்தான் அடுத்தவ போகலாம். நாப்பத்திரெண்டு பேருக்கா, ஒண்ணு. காலையிலேர்ந்து யாரும் தண்ணியே குடிக்கறதில்ல. மாசமா இருக்கறவளும் அப்படித்தான் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. போன மாசம் ரெண்டு பேருக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு டோக்கனை எடுத்து டிராயர்ல போட்டுட்டாங்க. ஆணி இருக்கு, போய்ப் பாருங்க."

எழுதிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்க்கா."

"யாருக்கும் தெரியாது. என்னை நம்பு" என்றேன். எவ்வளவு மிடுக்காகச் சொன்னேன் தெரியுமா! இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. சுற்றிலும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்த சுவர். ஆணிக்குக் கீழே மட்டும் ஒரு வட்டம் வெள்ளையாக இருந்தது.

ரிப்போர்ட்டை அவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினேன். "ஒரு தொழிலாளி கூறினார்" என்று மட்டும். வயது இல்லை, மெஷின் நம்பர் இல்லை, எத்தனை வருஷம் வேலை என்று இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்து எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் வழக்கமான அட்டவணை. எத்தனை பேரைப் பேட்டி எடுத்தோம், எந்த மொழியில் என்று நிரப்ப வேண்டும். வங்காளம் ஏழு, இந்தி நான்கு என்று போட்டுவிட்டு, தமிழ் ஒன்று என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் தமிழ் என்று எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதும்போது எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

தாதா கையெழுத்துப் போட்டார். தகவல் பிழை இருந்தால் சொல்லட்டும் என்று, வாங்குகிறவர்களுக்கு அனுப்புமுன் வரைவைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது அப்போது வழக்கம். அனுப்பினோம்.

மறுநாள் காலை பத்தரைக்கு அந்த மேனேஜர் போன் செய்தார். வங்காளத்தில்தான் பேசினார், தேன் ஒழுகப் பேசினார்.

"ரிப்போர்ட் படிச்சேன் மேடம். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க மதராஸின்னு எனக்குத் தெரியவே தெரியாதே! எங்ககிட்டயும் ஒரு மதராஸிப் பொண்ணு இருக்கா. ஒரே ஒருத்தி."

"அது... அது டைப்பிங் தப்பு" என்று உளறினேன். பொய்யாவது ஒழுங்காகச் சொல்ல வந்ததா! அவர் சிரித்தார். "பரவால்ல மேடம், பரவால்ல" என்று போனை வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் தாதா காகிதப் பொட்டலத்திலிருந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். தமிழ் ஒன்று என்று எழுதியது, மேனேஜர் சொன்னது, நான் சொன்ன பொய், எல்லாம். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடலாமா, அந்த வரியை எடுத்துவிடலாமா, நான் வேலையை விட்டுவிடட்டுமா என்று ஏதேதோ பிதற்றினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்போ அந்தப் பொண்ணு எங்க இருக்கு?"

"ஃபாக்டரியில. எட்டு மணி ஷிஃப்ட்."

"அப்ப ரிப்போர்ட்டைப் பத்தி ஏன் பேசிக்கிட்டிருக்க? கிளம்பு." பொரிப் பொட்டலத்தை மடித்து டிராயரில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

உங்களுக்கு ஒரு நாள் இப்படி நேரும். நேராமல் இருக்காது. அன்றைக்கு முதலில் எதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் ரிப்போர்ட்டைப் பற்றியும் என் மானத்தைப் பற்றியும்தான் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

டாக்ஸியில் பின் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். தாதா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். "அழறதை இங்கேயே முடிச்சுடு. அங்க போனா அந்தப் பொண்ணு பக்கம் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களும் மனுஷன்தானா? நான் போய் அவ கால்ல விழணும்."

"விழு. நீ விழுந்ததும் மேனேஜருக்குச் சந்தேகம் தீர்ந்துடும். இப்ப அவனுக்கு இருக்கறது ஊகம்தான். நீயே போய் ஆமாம்னு சொல்லப் போறியா?" டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னார். "பன்னெண்டு பேர்ல ஒருத்தின்னாதான் அவளைக் கண்டுபிடிக்க முடியும். நாப்பத்திரெண்டு பேரையும் பேச வெப்போம். ஒவ்வொருத்தருக்கும் அதே கேள்வி, அதே அஞ்சு நிமிஷம். டோக்கன்ங்கற வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

"அவங்க யாரும் சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா வேற வழி யோசிக்கணும்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பார்த்துவிட்டேன். மேனேஜர் அறை வாசலில், ஹாலுக்குப் போகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு ஸ்டூல். தனம் அதில் உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. காலையில் வந்ததிலிருந்து அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, அப்புறம் பேசலாம் உட்காரு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போனேன். என் வேலை வாழ்க்கையில் அந்த நாலடி தூரம் மாதிரி நான் வேறு எங்கேயும் கஷ்டப்பட்டு நடந்ததில்லை.

தாதா மேனேஜரிடம் கைகூப்பினார். "தப்பு எங்களுடையது. எங்க பேட்டி முறையில கோளாறு. அந்த வரைவு செல்லாது. ஹால்ல இருக்கற எல்லாரையும் இன்னிக்கே திரும்பப் பேச வெக்கணும்." மேனேஜருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்த டோக்கன் வரி அடிபட்டுப் போகும் என்று கணக்குப் போட்டிருப்பார். உடனே சந்தேஷ் இனிப்புத் தட்டு வந்தது. சாதாரணமாகத் தொழிற்சாலையில் ஒரு டீகூடக் குடிக்காத தாதா, அன்றைக்குச் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே, தீயணைப்புப் பதிவேட்டைக் கொண்டுவாங்க, முதலுதவிப் பெட்டிப் பட்டியலைக் கொண்டுவாங்க என்று மேனேஜரை நாற்காலியை விட்டு எழ விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினார்.

அதே ஸ்டோர் ரூம். முதலில் வந்தவளிடம் கேட்டேன். "காலையில உள்ள வந்ததிலேர்ந்து வெளிய போற வரைக்கும் உங்க நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்க." நன்றாகப் போகும் என்றாள். இரண்டாமவளும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் நல்லா இருக்கு. என் பேனா பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது, மேசைக்குக் கீழே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். ஒன்பது பேர் போய்விட்டார்கள். வெளியே ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். டோக்கன் உண்டா இல்லையா சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போல வாய் பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

பத்தாவதாக வந்தவளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கெட்டிக் கண்ணாடி, நரைத்த தலை. கையுறைக்குக் கட்டைவிரல் தைக்கிறவள். ஹாலில் எல்லோரும் மாஷி என்பார்கள், அதாவது சித்தி. வங்காளி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தை உற்றுப் பார்த்து, தமிழில் கேட்டாள்.

"சாப்ட்டியா?"

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும். சாந்த்ராகாச்சி கோட்டர்ஸ். தனம் அம்மா, நான், பக்கம் பக்கம் வீடு. இருவது வருஷம்." கதவுப் பக்கம் திரும்பி, ஹாலுக்கே கேட்கிற குரலில் சொன்னாள். "எழுது. தமிழ்ல எழுது. டோக்கன் ஒண்ணு. பொம்பள நாப்பத்திரெண்டு. தண்ணி குடிக்க மாட்டோம். நான் சொல்லி. மாஷி சொல்லி. எழுது!"

எழுதினேன். எழுத்தா அது, கோழி கிண்டியது மாதிரி இருந்தது.

அவள் போனபிறகு வந்த ஒவ்வொருத்தியும் டோக்கனைப் பற்றிச் சொன்னாள். வங்காளத்தில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், ஆனால் ஆரம்பிக்குமுன் தனக்குத் தெரிந்த தமிழை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஆறு வருஷமாகத் தனத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இல்லையா! ஒருத்தி "வா, உக்காரு" என்றாள், உட்கார வேண்டியவள் அவள்தான். ஒருத்தி "ரசம் சாதம்" என்றாள். மாசமாக இருந்தவள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, ஒன்று இரண்டு என்று பத்துவரை எண்ணிக் காட்டினாள். கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து, ரொம்ப மரியாதையாக என் கண்ணைப் பார்த்து, "போடி" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதானாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். முதலில் வந்த ஒன்பது பேரும், ஒன்று சொல்ல மறந்துட்டோம் என்று திரும்பி வந்தார்கள்.

நடுவில் மேனேஜர் எப்படியோ தாதாவிடமிருந்து கழன்றுகொண்டு ஸ்டோர் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே ஒருத்தி "தண்ணி! தண்ணி!" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முகம் விழுந்துபோனது. பின்னாலேயே தாதா வந்து நின்றார். கையில் தொழிலாளர் பதிவேடு.

"உங்க பதிவேட்டுல தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்திதான்னு இருக்கு" என்றார் தாதா. "எனக்கென்னவோ பாதி ஹால் தமிழ் பேசற மாதிரி கேக்குது. பதிவேடு தப்புன்னு எழுதட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"அந்த ஸ்டூல்ல ஒரு பொண்ணு எதுக்கு உக்காந்திருக்கு? வேலை இல்லாம உக்கார வெக்கற வழக்கம் உண்டான்னு ஒரு கேள்வி எங்க படிவத்துல இருக்கு."

அப்படி ஒரு கேள்வி எங்கள் படிவத்தில் கிடையாது. மேனேஜர் போய்த் தானே தனத்தை எழுப்பி மெஷினுக்கு அனுப்பினார். அவள் என் பக்கம் பார்க்காமல் போனாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டபோதுதான் நான் மூச்சே விட்டேன்.

திரும்பி வரும்போது தாதாவிடம் கேட்டேன், இப்போது மொழி அட்டவணையில் என்ன போடுவது என்று. ஆபீஸுக்கு வந்ததும் ஸ்கேலை வைத்து அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து அடித்தார். இன்றைக்கும் நம் படிவத்தில் மொழிக்கென்று இடம் இல்லை. ஏன் இல்லை என்று உங்கள் பயிற்சியில் யாராவது கேட்டிருந்தால், நான்தான் காரணம். வரைவைத் தொழிற்சாலைக்கு அனுப்புமுன், பேட்டி எடுக்காத ஒருவர் மேனேஜர் கண்ணோடு அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வாரம் வந்ததுதான். யாரால் அது வந்தது என்று தாதா கடைசிவரை ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்பார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. எனக்குச் சோறு போட்டது அவர் கொடுத்த வேலை, என்னை அந்த வேலைக்குத் தகுதியாக்கியது அந்த ஒரு நாள். அவரை நினைக்காமல் ஒரு ரிப்போர்ட்டில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி கடிதம் எழுதியது, டோக்கன் ஒழிந்தது. அடுத்த தடவை போனபோது ஆணியும் இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மெஷின்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ஆனால் தனத்திடம் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அவள் பக்கம் போனாலே ஆபத்து. மூன்று தடவை அந்த ஹாலுக்குப் போனேன், மூன்று தடவையும் வேற்றாள் மாதிரி தாண்டி வந்தேன். நான்காவது தடவை போனபோது அவள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். விரட்டிவிட்டார்களோ என்று பதறி விசாரித்தேன். அவளாகத்தான் விட்டிருந்தாள், வேறு நல்ல வேலை கிடைத்ததாம். ஆனாலும் மனசில் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

நம் ஆபீஸ் காளிகாட்டிலிருந்து நியூ டவுனுக்கு மாறிய பிறகு ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அக்கா!" என்று ஒரு குரல். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கழுத்தில் ஒரு அடையாள அட்டை. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீருடை தைக்கிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் நடுரோட்டில் கொட்டினேன். நான் கொடுத்த வாக்கை நானே உடைத்தேன், பெருமைக்கு ஆசைப்பட்டுத் தமிழ் என்று எழுதி உன்னை மாட்டிவிட்டேன், என்னை மன்னிச்சுடு தனம் என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தப் பேனா ஒழுகிய நாளில் சிரித்த அதே களுக்.

"அதுக்கா இப்படி அழறீங்க! நீங்க சாப்பாட்டு நேரத்துல பன்னெண்டு பேரோட பேரைப் படிச்சீங்க இல்ல, அப்பவே எல்லாரும் உக்காந்து பேசினோம், யார் சொல்றதுன்னு. மாஷிதான், நீ சொல்லு, அந்தம்மா உன் பாஷைக்காரி, மாட்டினா நாங்க இருக்கோம்னா. நாப்பத்திரெண்டு பேரும் சேந்து அனுப்பித்தான் நான் வந்தேன்."

"அப்ப நான் ரெண்டாவது தடவை வந்தப்போ ஏன் முதல்ல ஒம்பது பேரும் வாயே திறக்கல?"

"நீங்க மேனேஜர் ஆளா மாறிட்டீங்களோன்னு சந்தேகம். என்னைப் பாக்காம வேற போனீங்க. மாஷி உங்களை என்ன திட்டு திட்டினா தெரியுமா! அப்புறம் ஒம்பதாவதா வந்தவ திரும்பிப் போய், அந்தம்மாவுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னா. பயப்படறாளா, அப்ப நம்ம ஆளுதான்னு மாஷி எழுந்து வந்தா."

"ஒரு தொழிலாளி கூறினார்" என்று நான் அவ்வளவு ஜாக்கிரதையாக எழுதிய வரியே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆனாலும் நீ என்னை நம்பித்தானே தனம் சொன்ன? என்னை நம்புன்னு நான்தானே சொன்னேன்?"

அவள் பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களை நம்பியா சொன்னேன்? அவங்களை நம்பித்தான் சொன்னேன்."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்று நன்றாக அழுதேன், சந்தோஷமாகத்தான். நான் போக வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டன.